சிரிக்காமல் கேட்டவர்

"9-11-1957, சனி. காலை உஷ்ணம் 99.2, மாலை 100. எடை நூற்று நான்கு ராத்தல். மாலை ஏழே காலுக்கு லண்டன் ரேடியோவில் ஒரு புதிய சிரிப்பு நாடகம் ஆரம்பம். பாதியில் பக்கத்துக் கட்டில்காரர் ரேடியோவை நிறுத்தச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்."

என் நாட்குறிப்பில் அவரைப் பற்றி உள்ள முதல் வரி இது. அதற்கு முன் ஒரு மாதமாக அவர் எனக்கு நான்கு அடி தூரத்தில் படுத்திருந்தார். ஆனால் எழுதும்படியாக எதுவும் செய்திருக்கவில்லை.

துடியலூரைத் தாண்டி, மேற்கே மலையைப் பார்த்தபடி, அந்த நாளில் ஒரு சிறிய காசநோய் விடுதி இருந்தது. இருபத்திரண்டு கட்டில்கள். இந்த 1969-ல் அது இல்லை. கட்டடத்தில் நூல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். நான் 1957 அக்டோபர் முதல் அடுத்த ஆகஸ்ட் வரை அங்கே எட்டாம் கட்டிலில் இருந்தேன். அவர் ஏழாம் கட்டில். அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர் குடும்பம் பெருந்துறைப் பக்கம் இன்னும் இருக்கிறது. இந்த நோய் இருந்த வீடு என்று தெரிந்தால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் யோசிப்பவர்கள் இன்றும் உண்டு. அவருக்குப் பெயரை மறைப்பதில் ஆட்சேபம் இருக்காது. மறைப்பது அவருக்குப் பழக்கமான காரியம்.

அவர் மாட்டுத் தரகர். சந்தையில் மாட்டுக்கு விலை வாயால் பேசுவதில்லை. விற்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் ஒரு பக்கம், நடுவில் தரகர். கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்குள்ளே எத்தனை விரலைப் பிடிக்கிறார், எப்படி அழுத்துகிறார் என்பதுதான் பேச்சு. சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதற்கும் வழி கிடையாது. இருபத்தைந்து வருஷம் அப்படி நின்றதில் அவருடைய முகம் துடைத்து வைத்த பலகை மாதிரி ஆகியிருந்தது.

"முகத்துல தெரிஞ்சுபோட்டா ஏவாரம் போச்சுங்க தம்பி," என்பார்.

வாரம் ஒரு முறை எங்களில் சிலருக்கு விலாவில் ஊசி குத்தி நெஞ்சுக்குள் காற்று ஏற்றுவார்கள். கெட்டுப்போன நுரையீரலை அமுக்கி ஓய்வு கொடுப்பதற்கு. கட்டை விரல் நகம் வெள்ளையாகும் வரை கட்டில் கம்பியைப் பிடிக்காதவர்களை நான் பார்த்ததில்லை, அவரைத் தவிர. ஊசி உள்ளே போகும்போது அவர் ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நர்ஸ் ஒரு மலையாளப் பெண்மணி. எல்லோரும் சிஸ்டரம்மா என்போம். "வேதனை உண்டோ?" என்று அவர் கேட்டால் ஒரே பதில்.

"போச்சாதுங்க."

பரவாயில்லை என்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல் அது. கஞ்சி ஆறிப்போனாலும் போச்சாது. வீட்டிலிருந்து ஆள் வராவிட்டாலும் போச்சாது. ஒரு நாள் எச்சில் குவளையை மாற்றும் ஆள் தவறிப்போய் அவர் காலில் கொட்டிவிட்டான். அவனிடமும் போச்சாது என்று சொல்லிவிட்டு, அவன் வருந்தக் கூடாதே என்று காலை மெல்லப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். காக்கையைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் சொல்வார். அது மரியாதையா, அல்லது யாரையும் கிட்டே நெருங்க விடாமல் இருக்க ஒரு வேலியா என்று அப்போதே எனக்குச் சந்தேகம் உண்டு.

வார்டின் சுவரில் ஒரு பலகை தொங்கியது. பேச்சைக் குறை, இருமலை அடக்கு, சிரிக்காதே. மூன்றாவது கட்டளையைப் பார்த்து வெளியார் வியப்பார்கள். உள்ளே இருந்த எங்களுக்கு வியப்பில்லை. நுரையீரலில் குழி விழுந்தவன் குலுங்கிச் சிரித்தால் ரத்தக் குழாய் அறுந்துபோகலாம். நான் சேர்வதற்கு முந்தின மாதம் யாரோ ஒருவர் ரேடியோவில் தமிழ் ஹாஸ்ய நாடகம் கேட்டுச் சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் ரத்தமாகி, அன்றே போய்விட்டார் என்று சொன்னார்கள். அதிலிருந்து பெரிய டாக்டர் ரேடியோவையே தடுத்திருந்தார்.

என் அண்ணன் எனக்காக ஒரு ரேடியோவைக் கொண்டுவந்து இறக்கியபோது டாக்டரிடம் உத்தரவு கேட்க வேண்டியிருந்தது.

"என்ன கேப்பீர்?" என்றார்.

"லண்டன் இங்கிலீஷ் மட்டும் சார். நியூஸ், பேச்சு, எப்பவாவது ஒரு நாடகம்."

"அவங்க ஹாஸ்யமா?" டாக்டர் வார்டை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பஞ்சாலைத் தொழிலாளிகள், விவசாயிகள், ஒரு தறிக்காரர். "அதைக் கேட்டு இங்கே யார் சிரிக்கப் போறா? தாராளமா வையும்."

அப்படித்தான் அந்த நாடகம் எங்கள் வார்டுக்குள் நுழைந்தது, யாரும் சிரிக்க மாட்டார்கள் என்ற உத்தரவாதத்தின் பேரில்.

நாடகத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. கடலோரத்தில் ஒரு சின்ன ஆங்கிலேய ஊர். ஓய்வு பெற்ற தபால் அதிகாரி ஒருவரும் அவர் மனைவியும். மாடியறையில் ஒரு குடித்தனக்காரர். இரண்டு வாரத்துக்கென்று வந்தவர், மூன்று வருஷமாகியும் போகவில்லை. அவரைக் காலி செய்யச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாரமும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று கிழவரும் கிழவியும் தீர்மானம் செய்வார்கள். ஒவ்வொரு வாரமும் கடைசியில் அவருக்கு இன்னும் ஒரு கோப்பை தேநீர் கொடுப்பதில் முடியும். யாரும் யாரையும் ஏசுவதில்லை, யாரும் வழுக்கி விழுவதில்லை. நடுநடுவே, நாடகம் பார்க்க வந்து உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பது கேட்கும்.

முதல் நாள் அவர் நிறுத்தச் சொன்னது அந்தச் சிரிப்புக்காக.

"ஏனுங்க தம்பி, தப்பா நெனைக்காட்டி அதக் கொஞ்சம் நிறுத்திப்போடறீங்களா?"

"சத்தம் தொந்தரவுங்களாண்ணா?"

"சத்தம் போச்சாதுங்க. அந்தச் சிரிக்கறவங்கெல்லாம் ஆருங்க?"

"நாடகம் பாக்க வந்தவங்கண்ணா."

"நாடகம்னா கூத்தாட்டம் சத்தமால்ல இருக்கோணும்? இது ஒரு புருசனும் பொண்டாட்டியும் ஊட்டுக்குள்ள பேசறாப்பல இருக்குதுங்க. அவங்க பேசறது என்னமோ வெசனமாப் பேசறாங்க. குரல்லயே தெரியுது. அத ஒரு கூட்டம் ஒளிஞ்சு நின்னு கேட்டுப்போட்டுச் சிரிக்குது." மூச்சு வாங்கியது. அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. "ஒருத்தரு ஊட்டுச் சங்கதிய ஊரே கூடிச் சிரிக்கறது மருவாதிங்களா?"

நான் ரேடியோவை நிறுத்திவிட்டேன். ஐந்தாம் கட்டிலில் சிங்காநல்லூர் மில் தொழிலாளி ஒருவர் இருந்தார். சினிமாப் பாட்டுக்கு ஏங்கிக்கொண்டிருந்தவர். அவர் அங்கிருந்தே சொன்னார்:

"வெள்ளைக்காரங்க ஊட்டு மானத்துக்கும் ஏழு நம்பர்தானுங்க காவல்! பாட்டு வெச்சிருந்தா இந்தக் கேள்வியே வராதல்ல?"

அடுத்த சனிக்கிழமை நான் மிகவும் மெதுவாக வைத்துக் கேட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அதற்கு அடுத்த வாரம் மல்லாந்து படுத்திருந்தார். நான்காவது வாரம், நவம்பர் 30, நாடகம் முடிந்து நான் ரேடியோவை மூடியதும் கூரையைப் பார்த்தபடியே கேட்டார்:

"அந்தம்மா எதையோ சொல்லோணும்னு வாயெடுத்து வாயெடுத்து வுட்டுப்போடறாங்களே, அது என்னங்க?"

இங்கிலீஷில் ஒரு சொல் தெரியாதவர். எனக்குத் தெரிந்த பலர் முழுதும் புரிந்து கேட்டிருந்தாலும் அதைப் பிடித்திருக்க மாட்டார்கள். குடித்தனக்காரரின் கதையைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "மூணு வருசமாங்க?" என்றார். பிறகு, "எப்படீங்க சொல்றது, பாவம். நம்ம ஊட்டுக்கு வந்த ஒறம்பரைய எந்திரிச்சுப் போங்கன்னு சொல்ல முடியுங்களா?" என்றார்.

"ஒறம்பரை இல்லீங்ணா. விருந்தாளியா வரல. வாடகைக்கு வந்தவரு."

"காப்பித்தண்ணி குடுத்துப்போட்டாங்கல்லங்க? அப்பறம் ஒறம்பரைதானுங்க."

அதிலிருந்து சனிக்கிழமைகளில் நான் அவருக்காகவும் கேட்டேன். இரண்டு பேச்சுக்கு நடுவே குனிந்து, அவர் பக்கம் ஓரிரு வார்த்தையில் சொல்வேன். அவர் பதில் சொல்ல மாட்டார். அதிகம் பேச வேண்டாம் என்று டாக்டரும் எச்சரித்திருந்தார். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கட்டில்களுக்கு நடுவே தம் கையை நீட்டி, மேலே துண்டைப் போட்டுக்கொண்டார். முதலில் எனக்கு விளங்கவில்லை. நானும் கையை நீட்டியதும் துண்டுக்குள்ளே என் விரல்களில் இரண்டைப் பிடித்தார். அன்றைய நாடகத்துக்கு அது அவர் போட்ட விலை.

நாட்குறிப்பில் அதை விடாமல் குறித்திருக்கிறேன். டிசம்பர் 7, இரண்டு விரல். 14, மூன்று. 21, மறுபடி இரண்டு; அன்று கிழவர் குடித்தனக்காரரிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டார், அது அவருக்குப் பிடிக்கவில்லை. 28, நான்கு. வைத்தியர்கள் உஷ்ணத்தைக் கோடு போட்டுக் காட்டுவார்கள் அல்லவா, அதைப் போலத்தான் இருக்கின்றன அந்தப் பக்கங்கள்.

அவருக்கு நாடகத்தில் பிடித்தது சிரிப்பு அல்ல. அந்த இரண்டு பேரும் ஒன்றை மறைப்பதற்காகப் படும் பாடு. கிழவி, "இன்றைக்கு மழை வரும்போலிருக்கிறதே" என்று ஆரம்பித்தால் நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே அவர் விரல் அசையும். பேச்சு எங்கே போகிறது, எங்கே திரும்பி ஓடி வரப்போகிறது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். "இவங்க நம்மாளுங்கங்க," என்று ஒரு நாள் சொன்னார். "வெள்ளைக்காரன் எல்லாத்தையும் நேரா மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போடுவான்னு நெனச்சுட்டிருந்தேன். கலெக்டரு, எஞ்சினீரு, எல்லாரையும் சந்தையில பாத்திருக்கறேன். ஆனா அவங்க ஊட்டுக்குள்ள நம்மளாட்டந்தான் இருக்கறாங்க."

சிரிக்கும் கூட்டத்தின் மேலிருந்த கோபமும் குறைந்தது. "அவங்க கேலி பண்ணுலீங்க," என்றார் டிசம்பர் கடைசியில். "அவங்க ஊட்டுலயும் இப்படி ஒருத்தன் உக்காந்திருப்பானாட்டிருக்குதுங்க."

தைப் பொங்கலுக்கு மறுநாள் அவர் மனைவி வந்தார். மூன்று மாதத்தில் அது இரண்டாவது தடவை. ஈரோட்டுக்குப் போவதாக ஊரில் சொல்லிவிட்டு, வேறு பஸ் ஏறி வந்திருந்தார். கட்டிலுக்கு எட்ட நின்று, முந்தானையை வாய்மேல் வைத்தபடி பேசினார். நோய்க்குப் பயந்தா, அழுகைக்காகவா என்று தெரியவில்லை.

"மாடு கண்ணெல்லாம் கும்பிட்டீங்களா அம்மணி?" என்று அவர் கேட்டார்.

"ஆச்சுங்க மாமா. ஊருல எல்லாரும் கேக்கறாங்க. இன்னும் மைசூருப் பக்கந்தான் மாடு புடிச்சுட்டிருக்கறீங்கன்னு சொல்லிப்போட்டேன்."

"எத்தன மாசமா புடிக்கறனாமா?"

"நாலு மாசமாச்சுங்க."

"நாலு மாசத்துல நாட்டுல இருக்கற மாட்டையெல்லாம் புடிச்சிருக்கலாமுங்களே." முகம் அசையாமல்தான் சொன்னார். ஐந்தாம் கட்டில்காரர் போர்வையைக் கடித்துக்கொண்டு நெஞ்சைப் பிடித்ததைப் பார்த்தேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

"புள்ளையக் காங்கயத்துப் பக்கமிருந்து பொண்ணு கேட்டு வந்திருக்கறாங்க. மாசியில பேசலாம்ங்கறாங்க. நீங்க வந்து உக்காரோணும். நீங்க இல்லாம எப்படிங்க மாமா? சந்தேகப்படுவாங்கல்லங்க?"

"வாரேன்னு சொல்லுங்க."

"டாக்டரு என்னங்கறாரு?"

"வாரேன்னு சொல்லுங்க அம்மணி."

அவர் எப்படி வருவார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவருக்கு இருந்த ஒரே வழி ஆபரேஷன். விலா எலும்புகளில் சிலவற்றை எடுத்து, கெட்ட நுரையீரலை நிரந்தரமாக அமுக்கிவிடுவது. அதை எங்கள் விடுதியில் செய்ய முடியாது. வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் எழுதியிருந்த நிபந்தனை, தொண்ணூறு நாள் ஒரு சொட்டு ரத்தம்கூட வராமல் இருக்க வேண்டும். அவருக்குக் கடைசியாக ரத்தம் வந்தது நவம்பர் 5, செவ்வாய். தொண்ணூறாவது நாள் பிப்ரவரி 3, திங்கள். கணக்குப் போட்டுச் சொன்னவன் நான்தான். நடுவில் ஒரு நாள் ரத்தம் கண்டாலும் ஒன்றிலிருந்து மறுபடி எண்ண வேண்டும். மாசி போய்விடும்; பெண்ணின் காரியமும் போய்விடும்.

ஆகவே சிரிப்பு அவருக்கு விளையாட்டு அல்ல. ஜனவரி 18-ம் தேதி நாடகத்தில் கிழவர் ஒரு யுக்தி செய்தார். வீட்டையே விற்கப் போவதாகப் பொய் சொல்லி, குடித்தனக்காரர் தாமாகப் போய்விடுவார் என்று எதிர்பார்த்தார். குடித்தனக்காரரோ வீடு வாங்க வருபவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டும் வேலையை உற்சாகமாக எடுத்துக்கொண்டு, மூலை முடுக்கெல்லாம் புகழ்ந்து, நல்ல விலைக்குப் பேரம் முடித்துக் கொடுத்துவிட்டார்; கடைசியில் கிழவரே ஓடிப்போய்ப் பேரத்தை முறிக்க வேண்டியதாயிற்று. நான் இதைச் சொன்னதும் துண்டுக்குள் என் ஐந்து விரல்களும் நசுங்கின. திரும்பிப் பார்த்தேன். முகம் வழக்கம்போலத்தான் இருந்தது. ஆனால் வயிறு துள்ளிக்கொண்டிருந்தது. கண்ணிலிருந்து நீர் காதுக்கு ஓடியது. தரகு வேலையைக் குடித்தனக்காரர் செய்ததுதான் அவரால் தாங்க முடியாமல் போயிருக்க வேண்டும்.

நான் பயந்து ரேடியோவை மூடப் போனேன். அவர் என் கையை விடவில்லை.

மறுநாள் காலை எச்சில் குவளையை வெளிச்சத்தில் பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்தபிறகுதான் இருவரும் பேசினோம்.

"அடுத்த வாரம் வேண்டாமுங்க தம்பி," என்றார். "சிரிச்சுபோடுவேனாட்டிருக்குது. பொறவு என்ற புள்ள கலியாணம் ஒரு வெள்ளைக்காரக் கெழவனால நின்னுபோச்சுன்னு ஆயிரும்."

அடுத்த சனிக்கிழமை வந்தது. ஏழு மணிக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏழே கால் ஆனதும், திரும்பிய முதுகுக்குப் பின்னாலிருந்து கை மட்டும் நீண்டது. துண்டும் இருந்தது. நானும் என் கையை நீட்டினேன்.

அன்று, ஜனவரி 25-ம் தேதி, நாடகம் முடிந்ததும், அடுத்த வாரத்தோடு இது முடிகிறது என்று அறிவித்தார்கள். அவரிடம் சொன்னேன்.

"முடியறதுன்னா? அவரப் போகச் சொல்லிப்போடுவாங்களா?"

"தெரியிலீங்ணா. ஏதாவது ஒரு முடிவு வைப்பாங்க."

"அந்தம்மா சொல்ல மாட்டாங்க," என்றார். பிறகு அந்த வாரம் முழுதும், திங்கள் காலையில் கஞ்சிக்கு முன், புதனன்று ஊசிக்குப் பின், வெவ்வேறு விதமாக அதையே கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாம் கட்டில்காரருக்குக்கூட அது தொற்றிவிட்டது.

"ஏனுங் ஏழு, நீங்களே ஒரு தரகு பேசி முடிச்சு வுட்டுருங்களேன்? அந்தாளத் துடியலூர்ல ஒரு ரூம்பு பாத்துக் கூட்டீட்டு வந்தர்லாம்."

"வரட்டுங்க. இங்க கட்டிலு ஒண்ணு திங்கக்கெழமையிலிருந்து சும்மாத்தான் இருக்கும்," என்றார் அவர். திங்கட்கிழமை தம்மை ஆபரேஷனுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அர்த்தத்தில் சொன்னது அது.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவர் பேச்சு குறைந்திருந்தது. நாள் நெருங்குவதால் ஜாக்கிரதையாக இருக்கிறார் என்று நான் நினைத்தேன். குவளையை அவரே எழுந்துபோய்க் கழுவிக்கொண்டு வந்தார் என்று சிஸ்டரம்மா பிற்பாடு சொன்னார். நான் அதைக் கவனித்ததாக நாட்குறிப்பில் இல்லை.

1-2-1958, சனி. மாலை உஷ்ணம் அவருக்கு 98.8. அன்று சிற்றலை மிகத் தெளிவாக இருந்தது. ஒரு சொல்லும் தேயவில்லை. அவர் கையை நீட்டினார், துண்டைப் போட்டார். உள்ளங்கை ஈரமாக இருந்தது. பாதி நாடகம் வரை விரல் அசையவில்லை. கிழவரும் கிழவியும் முந்தின இரவு முழுதும் ஒத்திகை பார்த்துவிட்டு, காலையில் சொல்லிவிடுவது என்று மாடிப்படி ஏறினார்கள். கதவு திறந்திருந்தது. படுக்கை மடித்து வைக்கப்பட்டிருந்தது. மேஜைமேல் சாவி. குடித்தனக்காரர் ஒரு வார்த்தை சொல்லாமல் விடியற்காலையிலேயே போய்விட்டிருந்தார். கிழவி பழக்கத்தில் கையோடு கொண்டுவந்திருந்த தேநீரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். பன்னிரண்டு வாரமாகச் சிரித்த கூட்டத்திடமிருந்து அந்த இடத்தில் ஒரு சத்தமும் இல்லை.

நான் கடைசியில் மொத்தமாகச் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"சொல்லாமயே போயிட்டானுங்களா," என்றார். குரல் தெளிவாகவே இருந்தது. "மருவாதி தெரிஞ்சவன்."

கையை எடுத்துக்கொண்டார். அன்று எத்தனை விரல் என்று சொல்லவில்லை. நான் ரேடியோவை மூடினேன். வார்டுக் கடிகாரத்தில் ஏழே முக்கால் தாண்டியிருந்தது. எவ்வளவு தாண்டியிருந்தது என்று நான் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிற நான் அதைக் குறிக்கவில்லை. நான் நாட்குறிப்பை எடுத்துத் தலைப்பில் தேதி போட்டுக்கொண்டிருந்தேன். குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வருவதுபோல ஒரு சத்தம். பார்த்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வாயிலும் மூக்கிலும் ரத்தம். இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டிருந்தார், தரையில் விழாமல்.

நான் மணியை அடித்தேன். சிஸ்டரம்மா ஓடி வந்தார். டாக்டர் வரும்போது எட்டு அடிக்க இரண்டு நிமிஷம். அதற்குள் முடிந்துவிட்டது.

அந்த இரவே அவர் படுக்கை, போர்வை, துண்டு, தலையணை எல்லாவற்றையும் பின்கட்டில் போட்டு எரித்தார்கள். விடுதியின் விதி அது.

மனைவிக்கு ஆள் போய், ஞாயிறு மதியம் வந்தார். உடலை ஊருக்குக் கொண்டுபோகவில்லை. பக்கத்துப் பள்ளத்தோரம் எரித்தார்கள். மைசூர்ச் சீமையில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டார் என்று ஊரில் சொல்லிக்கொள்வதாகத் தீர்மானம். போகும்முன் அந்த அம்மாள் என் கட்டிலுக்கு எட்ட வந்து நின்றார்.

"நீங்கதானுங்களே பக்கத்துல இருந்தீங்க? ரொம்ப வேதனைப்பட்டாருங்களா?"

"இல்லீங்க அக்கா," என்றேன்.

"அவர் முகத்தப் பாத்து ஆருங்க தம்பி கண்டாங்க," என்றார்.

விடுதிப் பதிவேட்டில் சிஸ்டரம்மா எழுதியது: ஏழாம் கட்டில், ரத்தப்போக்கு ஆரம்பம் 7.50. அதை நான் நேரில் பார்த்துப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அந்த நேரம் நான் மணி அடித்த நேரம். ரத்தம் ஆரம்பித்த நேரம் என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது.

1963 மே மாதம் போத்தனூர் ஸ்டேஷனில் ரயிலுக்காகக் காத்திருந்தபோது சிஸ்டரம்மாவைச் சந்தித்தேன். அவர் ஒரு விஷயம் சொன்னார். அன்று படுக்கையை உருவும்போது தலையணை உறைக்குள்ளே சுருட்டி வைத்த ஒரு பனியன் இருந்தது. அதில் ரத்தம். காய்ந்து கறுத்த இடமும் இருந்தது, ஈரமும் இருந்தது என்று அவருக்கு ஞாபகம். ஈரம் அன்றைக்கு வழிந்து ஊறியதாகவும் இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றும் உடனே சொன்னார். அவசரத்தில் யாரிடமும் காட்டாமல் நெருப்பில் போட்டுவிட்டதாக ஒப்புக்கொண்டார்.

ஐந்தாம் கட்டில்காரர் பிழைத்து வெளியே வந்தவர். அவரை இரண்டு தடவை பார்த்துக் கேட்டேன். முதல் தடவை, வியாழக்கிழமையே அவர் பனியனால் வாயைத் துடைத்துத் தலையணைக்குள் வைத்ததைப் பார்த்ததாகச் சொன்னார். இரண்டாம் தடவை, "வேர்வையா இருந்தாலும் இருக்குமுங்க, நெசமா எனக்கு ஞாபகமில்ல. வுட்டுப்போடுங்க," என்றார்.

வியாழக்கிழமையே ஆரம்பித்திருந்தால், தொண்ணூறு நாளைக் காப்பாற்றுவதற்காக, பெண்ணுக்காக, மறைத்தார் என்று ஆகும். அது அவர் காரியம். சனிக்கிழமை நாடகத்தின் நடுவே ஆரம்பித்திருந்தால், என் விரல்களைப் பிடித்துக்கொண்டே அரை மணி நேரம் விழுங்கிக்கொண்டிருந்தார் என்று ஆகும். கதை முடிவதற்காக, அல்லது சொல்லிக்கொண்டிருந்த என்னை இடையில் நிறுத்துவது மரியாதையல்ல என்பதற்காக. ரத்தத்தை விழுங்கிக்கொண்டே ஒருவர் தெளிவாக இரண்டு வார்த்தை பேச முடியுமா என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். முடியும் என்றார். அரை மணி முந்தித் தெரிந்திருந்தால் காப்பாற்றியிருப்பீர்களா என்றும் கேட்டேன். அதற்கு அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அந்தப் பனியனில் இருந்தது எந்த நாளின் ரத்தம் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.